ஆஸ்பத்திரி ஸ்டோரில் கிடந்த நுணுக்குக்காட்டி

றக்வானவிலிருந்து புறப்படும் பஸ் வளைந்து வளைந்து ஏறி, இனி ஏற முடியாது என்று நிற்கிற இடத்தில்தான் எங்கள் தோட்டப் பாடசாலை. அங்கே நான் விஞ்ஞானம் படிப்பித்தேன். ஒவ்வொரு வருஷமும் கலம் என்கிற பாடம் வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஓர் அரிப்புத் தொடங்கும். கரும்பலகையில் செங்கல் அடுக்கியதுபோல வெங்காயக் கலங்களை வரைவேன். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி வைத்துக் கரு என்று எழுதுவேன். பிள்ளைகளும் பார்த்து வரைவார்கள். அவர்களும் சரி, நானும் சரி, ஒரு கலத்தைக்கூட நேரில் கண்டதில்லை. ஆசிரியர் கலாசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருந்தது. என் முறை வந்து குனிந்தபோது தெரிந்தது என் கண்ணிமை மயிர்தான். அதற்குள் பின்னால் நின்றவள் என்னைத் தள்ளிவிட்டாள்.

அப்போது தோட்டத்து ஆஸ்பத்திரியை வெறும் மருந்து கொடுக்கிற இடமாகக் குறைத்துவிட்டார்கள். கட்டில்கள் போய்விட்டன. மிட்வைப் அம்மா மட்டும் மிஞ்சியிருந்தார். ஒருநாள் அவர் வகுப்பறை வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நம்ம ஸ்டோர காலி பண்ணுறாங்க. ஒரு பொட்டிக்குள்ள பூதக்கண்ணாடி மெஷின் மாதிரி ஒண்ணு கெடக்குதுங்க. வெள்ளக்காரன் காலத்து சாமானாம். பழைய இரும்போட போடப் போறாங்க. ஒங்களுக்கு வேணுமுங்களா?"

மீதிப் பாடத்தை எப்படி நடத்தினேன் என்று தெரியாது. மணி அடித்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெட்டியின் மரம் ஈரத்தில் ஊதிக் கதவு இறுகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துத் திறந்தோம். உள்ளே குதிரை லாடம் போன்ற கறுப்புப் பாதத்தில் ஒரு பித்தளைக் குழாய் நின்றது. பச்சை பிடித்திருந்தது. கீழே வெளிச்சம் பிடிக்கிற கண்ணாடியில் ரசம் முழுக்க உரிந்திருந்தது. மேலும் கீழும் நகர்த்துகிற திருகு அசையவே இல்லை. ஆனாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பாடசாலைக்கென்று தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

என் கணவர் றக்வான பஸாரில் ரேடியோ, டீவி பழுதுபார்க்கிற கடை வைத்திருந்தார். நிதானமான மனிதர். ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் அதை ஒரு மூடிக்குள் போட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார். நான் அப்படியில்லை. அவர் கடையிலிருந்து வருவதற்குள் குழாயைக் கழற்றித் திண்டாடிக்கொண்டிருப்பேன். சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வந்து ஒரு தரம் திருகைத் திருப்பிப் பார்ப்பேன். கறி தாளித்துவிட்டு வந்து இன்னொரு தரம். எண்ணெய்க் கையோடு பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளைத் திருத்தியிருக்கிறேன்.

திருகு இறுகிப்போனதற்குக் காரணம் பழைய கிரீஸ்தான். அது காய்ந்து மெழுகுபோல ஆகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பல் தேய்க்கிற பிரஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் விட்டோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் அது ஒரு முனகலோடு நகர்ந்தது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. உடனே வில்லைகளைப் பார்த்தால் அவற்றில் பூஞ்சணம் சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. கணவர் மறுநாள் மெதுவாகத் துடைக்கலாம் என்றார். நான் கேட்கவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கூடுதலாகப் பெரிதுபடுத்துகிற வில்லையைத் துடைத்தேன். அந்தக் காலத்து வில்லைகளை ஏதோ மரப் பிசின் போட்டு ஒட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது. ஸ்பிரிட் உள்ளே இறங்கிப் பிசினைக் கரைத்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வில்லை பாலூற்றியதுபோல வெளுத்தது. மற்ற வில்லையில் பூஞ்சணம் கண்ணாடியையே தின்றிருந்தது. அதைத் துடைத்தும் பயனில்லை.

"இப்ப என்ன செய்யுறது?" என்றேன்.

"இப்ப தேத்தண்ணி குடிக்கிறது" என்றார் அவர்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அடுத்த வாரமே அவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் பக்கத்தில் மத்தியானம் ஆனால் மூடுபனி இறங்கிவிடும். கண்ணாடியில் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்க்கிற வேலை காலையில் மட்டும்தான் நடக்கும். பாடசாலையில் கரண்டும் இல்லை. அப்போது பஸாருக்கு வெள்ளை வெளிச்சம் தரும் சீனா டோர்ச்சுகள் வந்திருந்தன. அதில் ஒன்றை உடைத்து, அந்தச் சின்ன பல்பைக் கண்ணாடி இருந்த இடத்தில் பொருத்தினார். சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், ஒரு பற்றரிப் பெட்டி, ஒரு சுவிட்ச். எல்லாவற்றையும் கறுப்பு டேப்பால் சுற்றிவிட்டார். சுவிட்சை அழுத்தியதும் மேலே வட்டமாக நிலாபோல ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதற்குள் காண்பதற்கு ஒன்றுமில்லை. வில்லை வேண்டும்.

இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் வில்லை பூட்டுகிற மரை ஒரே அளவுதான் என்று இரத்தினபுரியில் மாணிக்கக்கல் பரிசோதிக்கிற ஒருவர் என் கணவரிடம் சொல்லியிருந்தார். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ஆய்வுகூடச் சாமான் விற்கிற ஒழுங்கையில் தேடினால் கிடைக்குமாம். கருவியைக் கொண்டுபோய்ப் பூட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சண்டை உச்சத்திலிருந்த காலம். கொழும்புக்குப் போகிற எங்கள் தமிழ் ஆட்களை எங்கேயும் மறிப்பார்கள்.

"நானே போறேன். ஆம்பள கூட வந்தா கேள்வி கூடுதலா வரும்" என்றேன்.

"சரி போ. ஆனா வயரையும் பற்றரியையும் கழட்டி வச்சிட்டு போ."

"கடைக்குள்ள இருட்டா இருந்தா எப்படிங்க பார்க்கிறது? வில்லை நல்லதா கெட்டதான்னு தெரிய வேணாமா?"

"வேற யாராவது இத பார்த்தா என்ன நெனப்பான்னு யோசிச்சியா?"

யோசித்தேன். ஆனாலும் கழற்றவில்லை. துணியில் சுற்றி, பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

போகும்போது யாரும் கேட்கவில்லை. ஒழுங்கைக் கடையில் ஒரு முஸ்லிம் முதலாளி லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து, பழைய வில்லை ஒன்றைத் தேடி எடுத்தார். மரை சரியாகப் பிடித்தது. இரண்டு மூன்று கண்ணாடித் தட்டுகளையும் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். கடையில் நான் பார்த்தது பத்திரிகையின் ஒரு எழுத்தைத்தான். அது தார் ஊற்றிய றோட்டுபோல அகலமாகத் தெரிந்தது. திரும்புகிற பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. பையைத் திறப்பதும் வில்லையைத் தொட்டுப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

நகரம் தாண்டியதும் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையோடு வரிசையில் நின்றோம். பெண்களின் பைகளைப் பார்க்க ஒரு பொலிஸ்காரப் பெண் நின்றாள். என் பையில் கையை விட்டவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். துணி விலகி, பித்தளைக் குழாயும் சிவப்பு வயரும் டேப் சுற்றிய பெட்டியும் வெளியே தெரிந்தன. பக்கத்தில் நின்றவர்கள் தாங்களாகவே விலகிப் போனார்கள்.

"மே மொகக்த?" என்றாள். இது என்ன என்று கேட்கிறாள். கேட்கும்போதே அவள் குரல் மாறிவிட்டது.

சிங்களம் எனக்குத் தாய்மொழிபோல வரும். பஸாரில் வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான். பாடசாலைச் சாமான், நான் டீச்சர் என்று சரளமாகச் சொன்னேன். அது இன்னும் கெடுதலாகப் போயிற்று. அடையாள அட்டையில் ஒரு பெயர், வாயில் ஒரு பாஷை. என்னைக் கூடாரத்துக்குள் கூட்டிப் போனார்கள். பையை வெளியே மணல் மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தார்கள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

அதிகாரி வந்தார். பாடசாலை அதிபரின் டெலிபோன் நம்பரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அழைத்தால் யாரும் எடுக்கவில்லை. வேலை செய்கிறதா, செய்து காட்டு என்றார். எல்லோரும் தள்ளி நின்றுகொள்ள, நான் மட்டும் மணல் மூட்டைக்குப் போய் அதை எடுத்தேன்.  காட்ட என்ன இருக்கிறது? கூடாரத்துக்குப் பின்னால் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்ன வெங்காயம் வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பொலிஸ்காரப் பெண் போய் எடுத்து வந்தாள்.

நகத்தால் தோலைக் கிள்ளினேன். முதல் தரம் தடிப்பாக வந்தது. இரண்டாவது தரம் ஊதா நிறத்தில் மெல்லிய சவ்வாக உரிந்தது. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதை விரித்தேன். சுவிட்சை அழுத்தப் போனபோது அதிகாரி, "இரு" என்றார். இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொண்டு, "இப்போது" என்றார். அழுத்தினேன். குனிந்து திருகினேன். மங்கல். இன்னும் திருகினேன்.

ஊதா ஊதாவாக, பக்கத்தில் பக்கத்தில், நீள நீளமான அறைகள். சுவர் சுவராகத் தெரிந்தன. சில அறைகள் நிறமில்லாமல் வெறுமையாக இருந்தன. நான் கரும்பலகையில் ஒருநாளும் அப்படி வரைந்ததில்லை. செங்கல்போலச் சமமாக ஒன்றுகூட இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்பதையே மறந்துவிட்டேன். "தள்ளு" என்று அதிகாரி சொன்ன பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். "மொகுத் பேன்னெ நே" என்றார். ஒன்றும் தெரியவில்லையாம். கண்ணைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பாருங்கள் என்றேன்.  வெகுநேரம் குனிந்தபடி இருந்தார். நிமிர்ந்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பொலிஸ்காரப் பெண்ணைப் பார்க்கச் சொன்னார். அவள் பார்த்துவிட்டு, தன் ஊர்ப் பாடசாலையில் இப்படி ஒன்று அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது, தொடவிடவில்லை என்றாள்.

அதற்காக என்னை உடனே விட்டுவிடவில்லை. அதிபர் டெலிபோனில் கிடைத்து, ஆமாம் எங்கள் டீச்சர்தான் என்று சொல்லும்வரை அங்கேயே உட்கார்த்தி வைத்தார்கள். நான் புறப்படும்போது அதிகாரி ஒரு சிப்பாயிடம் சைகை காட்ட, அவன் வயர் இரண்டையும் வெட்டி, பற்றரிப் பெட்டியை எடுத்துக்கொண்டான். பித்தளைக் குழாய் என் மடியில் இருந்தது. அடுத்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அதை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா என்ன சுகமில்லையா என்று சிங்களத்தில் கேட்டு, தண்ணீர்ப் போத்தலைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கணவர் எழுந்துபோய் இன்னொரு டோர்ச்சை உடைத்தார்.

பாடசாலையில் பிள்ளைகள் வெங்காயத் தோலைப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை நிமிர்ந்து, "டீச்சர், நீங்க போர்டுல போட்டது இப்புடி இல்லையே" என்றாள். "ஆமா, நான் போட்டது சரியில்ல" என்று சொல்லி அழித்துவிட்டு, மறுபடி வரைந்தேன்.

எனக்கு அத்தோடு நிற்க முடியவில்லை. தேயிலைக் கொழுந்து, அட்டைப்பூச்சி, பூனை மயிர் என்று கண்டதையெல்லாம் வைத்துப் பார்த்தேன். கீழ்லயத்து வரிசை வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்கு அப்போது வயிற்றோட்டம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஒருநாள், மலை மேல் டேங்கியிலிருந்து அந்த லயத்துக்குத் தண்ணீர் வரும் பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து வந்து, ஒரு சொட்டை வைத்தேன். ஏதோ ஒன்று நூல்போலச் சுருண்டு விரிந்தது. இன்னொன்று உருண்டையாக விசுக்கென்று ஓடியது. மிட்வைப் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன்.

"இதுனாலதான் வயித்தால போகுதுங்களா டீச்சர்?"

"அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா டேங்கிக்குள்ள ஏதோ அழுகிக் கெடக்குன்னு நெனக்கிறேன்."

தோட்ட வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் சொன்னேன். ஆபீஸில் சொல்வதாகச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் போகும்போதும் வரும்போதும் கேட்டேன். என்னைக் கண்டால் அவர் வேறு பாதையில் திரும்பத் தொடங்கினார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நுணுக்குக்காட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கே போனேன். ஒரு ஸ்டூலில் வைத்தேன். பெண்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்தார்கள். ஒருத்தி, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள், பார்த்த வேகத்தில் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"ஐயோ, உசுரோட ஓடுதே! இதத்தானா டீச்சர் நான் எம்புள்ளைக்கு ஊத்துனேன்?"

"சுட வச்சி ஆறவச்சி குடுங்க" என்றேன்.

"சுட வக்கிறது கெடக்கட்டும்ங்க. மேல போயி பாத்துருவோம் வாங்க."

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. தும்புத்தடியும் வாளியும் எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். நானும் போனேன். டேங்கியின் தகர மூடி துருப்பிடித்து உள்ளே விழுந்திருந்தது. அதற்கடியில் இலைச் சேறும், உருவம் தெரியாமல் அழுகிப்போன ஒரு பிராணியும் கிடந்தன. ஒருத்தி மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினாள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் தந்த வாளியைக் கை மாற்றி வெளியே ஊற்றினேன். சேறு முழங்கைவரை வழிந்தது. கீழே யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை மூச்சிரைக்க ஏறி வந்து, "யாரு ஒங்கள இங்க வரச் சொன்னது?" என்றார்.

டேங்கிக்குள்ளிருந்தவள் தலையை வெளியே நீட்டினாள். "வந்தது வந்துட்டீங்க. அந்த வாளியப் பிடிங்கய்யா."

அவர் டேங்கிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து பிடித்தார்.