பாதாளக் கேணி எப்ப வரும்?

சரக்கு வாங்குன பெறகு சண்டைக்கு வர்ற ஆளுக எல்லாக் கடைக்கும் உண்டு. சரக்கு இன்னும் அச்சுக்கே போகாதப்ப சண்டைக்கு வர்றது எங்க தொழில்ல மட்டும்தான்.

திண்டுக்கல்ல விளையாட்டுச் சாமான் கடை வச்சிருக்கேன். பேரு ஸ்டெல்லா. பஸ் ஸ்டாண்டுல இறங்குனா நடந்தே வந்துரலாம். கீழ கேரம் போர்டு, செஸ், பந்து, பல்லாங்குழி. மாடியில ஒரு பெரிய மேசை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு, கறிச்சோறும் முடிஞ்ச பெறகு அந்த மேசையச் சுத்தி ஆளுக உக்காருவாங்க. நான் கதை சொல்லுவேன். அவங்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: வைத்தியச்சி, திருடன், வில்லுக்காரன். "கதவத் தள்ளுறேன்"னு அவங்க சொல்லணும். தொறக்குமா தொறக்காதான்னு பகடை சொல்லும். இம்புட்டுத்தான் விளையாட்டு. இந்த இம்புட்டுக்குத்தான் குஜிலியம்பாறையில இருந்தும் ஒட்டன்சத்திரத்துல இருந்தும் பஸ் ஏறி வாராங்க.

எங்க மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. வாய் விட்டுச் சொன்னாத்தான் செல்லும். தலைய ஆட்டுனேன், கையக் காட்டுனேன், மனசுல நெனச்சேன், எதுவும் செல்லாது. பாம்பு கடிச்ச பெறகு, "நான் அப்பவே பின்னாடி போறேன்னு கண்ணக் காட்டுனேனே"ன்னு சாதிக்கிற ஆளுகளால வந்த சட்டம் அது.

இந்தக் கதைகள எழுதிப் புஸ்தகமாப் போடுறது கடலூர்ப் பக்கம் ஒரு அக்காளும் தம்பியும். மொதப் பாகம் வந்துச்சு. அதோட கடைசிப் பக்கத்துல காட்டுக்குள்ள ஒரு கேணி. உள்ள இருந்து ஒரு குரல் "யாரது?"ன்னு கேக்குது. அத்தோட முடிச்சுட்டாங்க, புண்ணியவானுக. கீழ, "இரண்டாம் பாகம்: பாதாளக் கேணி, விரைவில்"னு ஒரு வரி. இந்த "விரைவில்"ங்கிற வார்த்தைய நம்பிக் கடை நடத்தி, வாடிக்கையாளர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்ட சக ஜீவன்களே, உங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

அட்டையில ஒரு கேணி

ஒரு நாள் அட்டைப்படம் மட்டும் போனுக்கு வந்துச்சு. கருங்கல் கேணி, உள்ள இறங்குற படி, அதுக்குக் கீழ ஒரே இருட்டு. அவ்வளவுதான். அந்த ஒத்தப் படத்த வச்சுக்கிட்டு எங்க மாடியில நடந்த வாக்குவாதம் இருக்கே, சட்டசபை தோத்துரும். "படி ஈரமா இருக்கு பாருங்க"ம்பாரு ஒருத்தரு. "அது ஈரமில்ல, பாசி"ம்பாரு இன்னொருத்தரு. ஒரு பாகத்துக்கும் அடுத்த பாகத்துக்கும் நடுவுல ஆளுக்கொரு புது வித்தை கத்துக்கலாம்னு விளையாட்டுல ஒரு வழி இருக்கு. எல்லாரும் நீச்சல் எடுத்தாங்க. ஒட்டன்சத்திரத்துக்காரர் துரைசாமி, கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்புறவரு, ஒரு படி மேல போயி, தன்னோட வில்லுக்காரனுக்கு மூச்சடக்கவும் சொல்லிக் குடுத்துட்டாரு.

எடுக்காத ஒரே ஆளு மாரிமுத்து அண்ணன். குஜிலியம்பாறையில சோளமும் கடலையும் போடுற சம்சாரி, எங்க மேசையில திருடன். நீச்சல் வேணாம், மண்வெட்டியும் நீளமா ஒரு கயிறும் போதும்னு ஒரே பிடியா நின்னாரு. "ஏண்ணே, கேணிக்குப் போறப்ப மண்வெட்டி எதுக்கு?"ன்னு கேட்டேன். என்னைய ஏற எறங்கப் பார்த்தாரு. "கேணின்னா தண்ணி கெடக்கும்னு உங்களுக்கெல்லாம் யாரு சொன்னா? எங்க பக்கம் வந்து பாரு தங்கச்சி, தண்ணியத் தவிர எல்லாம் கெடக்கும்."

விரைவில்

மொதல்ல தையில வரும்னாங்க. காகிதம் கெடைக்கலைன்னு சித்திரைக்குத் தள்ளுனாங்க. சித்திரையில படம் வரையிற தம்பிக்குக் கல்யாணம். ஐப்பசியில அச்சகத்துக்குள்ள மழைத் தண்ணி. ஒவ்வொரு தடவையும் செய்தி வர்றது கடலூர்ல இருந்து, ஏச்சு வாங்குறது திண்டுக்கல்ல நானு. நான்தான் புஸ்தகத்தப் பரண்ல ஒளிச்சு வச்சிருக்கேங்கிற மாதிரியே பார்ப்பாங்க.

துரைசாமி தினமும் காலையில மார்க்கெட்டுல இருந்து போன் போடுவாரு. பின்னாடி லாரிச் சத்தம், ஏலச் சத்தம், அதுக்கு நடுவுல, "அக்கா, கேணி எப்ப வருமுங்க?" அப்பதான் பல்லு வெளக்கிக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் பொறுக்க மாட்டாம வழக்கத்த விட நல்லாவே வஞ்சுட்டேன். "ஏன் தம்பி, நானா உக்காந்து எழுதிக்கிட்டிருக்கேன்? வச்சுத் தொலைங்க போன!" மறுநாள் மதியம் கடை வாசல்ல ஒரு மூட்டை வந்து எறங்குச்சு. முருங்கக்காயும் தக்காளியும். எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் அன்னைக்கு முருங்கக்கா சாம்பாருதான். நன்றி சொல்லப் போன் போட்டேன். மனுசன் கோவமே படல. இந்தத் தடவ சொன்ன தேதி நெசம்தானுங்களான்னு மட்டும் கேட்டாரு. நெசம்தானாம்னேன். "அப்படிச் சொன்ன தேதிக்கே வந்துருச்சுன்னா, பழனிக்கு வந்து மொட்டை போடுறேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேனுங்க."

டீச்சரோட தொண்டை

இப்ப பிலோமினா டீச்சரச் சொல்லணும். டவுன்ல ஒரு பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்பு. மைக்கே வேணாம், மைதானத்துக் கடைசியில நிக்கிற பையனும் திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு குரல். எங்க மேசையில அவங்க பொன்னிங்கிற வைத்தியச்சி. கேணிக்குள்ள இருந்து "யாரது?"ன்னு குரல் வந்தப்ப முன்னாடி நின்னது பொன்னிதான். அதனால பதில் சொல்ல வேண்டியது டீச்சர். ரெண்டு வருசமா விதவிதமாத் தயார் பண்ணுவாங்க. ஒரு வாரம் மிரட்டலா, ஒரு வாரம் செந்தமிழ்ல, ஒரு வாரம் பாட்டா. சொல்லிக் காட்டுங்கன்னா மாட்டாங்க.

தொண்டை கம்மிக்கிட்டே இருந்துச்சு. சாக்பீஸ் தூசின்னு நெனச்சுப் பனங்கற்கண்டு போட்டுக்கிட்டே ஓட்டிட்டாங்க. கடைசியில மதுரைக்குப் போயிக் காட்டுனா, குரல் நாண்ல கட்டி, எடுத்துரணும்னு சொல்லிட்டாங்க. எடுத்த பெறகு சில வாரத்துக்குப் பேச்சே கூடாது, கிசுகிசுன்னு கூடப் பேசக் கூடாதாம். குரல் வரும், ஆனா எந்தக் குரல் வரும்னு வந்தாத்தான் தெரியும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஆபரேசன் தேதிய எண்ணிப் பார்த்தா, தொண்டை ஆறி முடியறதுக்குள்ள புஸ்தகம் வந்து நிக்கும். அன்னைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்து பகடைய உருட்டிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. பள்ளிக்கூடத்த நெனச்சுத்தான் கவலைன்னு நெனச்சு, "லீவு போட்டுக்கலாம் டீச்சர்"னு என்னமோ ஆறுதல் சொன்னேன். சிரிச்சாங்க. "வகுப்புக்கு மைக்கு வாங்கிக்கலாம் ஸ்டெல்லா. அந்தக் கேணி என்னையத்தான கேட்டுச்சு, யாருன்னு? அதுக்கு என் வாயாலதான பதில் சொல்லணும்?"

திருப்பி வேண்டிக்கிட்டது

அந்தச் சேதி தெரிஞ்ச நிமிசத்துல இருந்து எங்க மேசையே தலைகீழாயிருச்சு. எப்ப வரும் எப்ப வரும்னு என் உசுர வாங்குன அத்தனை பேரும், "இப்ப வந்துறக் கூடாது"ன்னு வேண்ட ஆரம்பிச்சுட்டாங்க. நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி கொளுத்துனேன். துரைசாமி பழனிக்கே போயி, பழைய வேண்டுதல வாபஸ் வாங்கிக்கிறேன், தேதிய மட்டும் தள்ளி விட்டுருங்க சாமின்னு கேட்டுட்டு வந்தாரு. கடலூருக்கு நானே போன் போட்டு, "இன்னும் கொஞ்சம் லேட் பண்ண முடியுமாம்மா?"ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் எடுத்தது அக்காளு. "எங்களத் தள்ளிப் போடச் சொல்லி வந்த மொத போன் இதுதான் மேடம். ஆனா புஸ்தகம் லாரியில ஏறிருச்சே!"ன்னுச்சு பாவம்.

ரெண்டு வருசமா ஒரு தேதிக்கும் வராத புஸ்தகம், அன்னைக்குப் பார்த்து, சொன்ன நாள் காலையில டாண்ணு கடை வாசல்ல வந்து எறங்குச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை துரைசாமி மாடிப்படி ஏறி வந்தாரு. தலையில ஒரு முடி இல்ல, சந்தனம் பூசியிருந்துச்சு. நாங்க கேக்குறதுக்கு முன்னாடி அவரே சொன்னாரு. "நான் மொதல்ல குடுத்த மனுவத்தானுங்க முருகன் எடுத்துக்கிட்டாரு."

பிரிக்காத பார்சல்

கீழ கடையில மத்த புஸ்தகமெல்லாம் சூடாப் போயிருச்சு. எங்க மேசைக்குன்னு வந்த பார்சல மட்டும் மாடியில மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சோம். ஆளு ஒண்ணு குறைஞ்சாலும் கட்டுப் பிரிக்கிறதில்லங்கிறது எங்க வழக்கம். கதை சொல்ற நானும் முன்கூட்டிப் படிக்க மாட்டேன். எல்லாரும் கூடி, பிரிச்சு, மொதப் பக்கத்த வாசிச்ச பெறகுதான் மிச்சத்தப் படிச்சுத் தயாராவேன். டீச்சர் ஆபரேசன் முடிஞ்சு வந்து உக்காந்திருந்தாங்கதான். ஆனா வாய் தொறக்காத ஆளு எங்க சட்டப்படி வந்த கணக்குல சேர்த்தியில்லையே! ஞாயித்துக்கிழமையானா எல்லாரும் வருவோம், வடை திம்போம், பார்சலப் பார்ப்போம், வீட்டுக்குப் போவோம். மாரிமுத்து அண்ணன் அத எடுத்துக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பார்ப்பாரு. தண்ணிச் சத்தம் கேக்கலையாம்.

காந்திகிராமத்துல படிக்கிற பிள்ளைக நாலஞ்சு பேரு வாங்கிட்டுப் போயி விளையாடியே முடிச்சுட்டு, சொல்லாட்டி வெடிச்சுருவோம்ங்கிற மூஞ்சியோட கடைக்கு வந்து நின்னாங்க. துரைசாமி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டாரு. "கண்ணுகளா, வாயத் தொறந்தீங்கன்னா தக்காளி லோடோட நானும் பாலக்காடு போயிருவேனுங்க"ன்னு கெஞ்சுனாரு. பிள்ளைக சிரிச்சுக்கிட்டே போயிருச்சுக.

டீச்சருக்குத்தான் தாங்கல. ஒரு வாரம் சிலேட்டுல, "பிரிங்க, நான் கேட்டுக்கிட்டு இருந்துக்கிறேன்"னு எழுதி மேசை நடுவுல வச்சாங்க. எனக்கும் கை அரிக்கத்தான் செஞ்சுச்சு. ஒருத்தரும் பார்சல் பக்கம் திரும்பல. மாரிமுத்து அண்ணன் சிலேட்ட எடுத்துத் துண்டால தொடச்சுத் திருப்பிக் குடுத்தாரு. "மழைக்கு மானத்தப் பார்த்து வருசக் கணக்கா உக்காந்திருக்கவன் டீச்சர் நானு. உங்களுக்குக் காத்திருக்கிறதெல்லாம் ஒரு காத்திருப்பா?"

யாரது?

டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாப் பேசலாம்னு சொன்ன வாரம். டீச்சரக் கொண்டாந்து விட்ட அவங்க வீட்டுக்காரரு என்னையத் தனியாக் கூப்பிட்டு, "வீட்டுல இன்னும் ஒரு வார்த்தை பேசல, இங்கதான் பேசுவேன்னு எழுதிக் காட்டுறா"ன்னாரு. அந்தப் புதுக் குரல அப்ப வரைக்கும் யாருமே கேட்டதில்ல, அவங்களே கேட்டதில்ல. கத்திரிக்கோல அவங்க கையிலயே குடுத்தேன். கட்டு பிரிஞ்சுச்சு. புது மை வாசம் மேசை முழுக்க அடிச்சுச்சு. மொதப் பக்கத்த வாசிச்சேன்: "கேணி நிறையத் தண்ணீர், விளிம்பைத் தொட்டுத் தளும்புகிறது." எல்லாரும் மாரிமுத்து அண்ணனோட மண்வெட்டிய நெனச்சுச் சிரிச்சுட்டோம். அவருதான் எல்லாரையும் விடச் சத்தமாச் சிரிச்சாரு. "கெடக்கட்டும் தங்கச்சி, கதையிலயாவது தளும்பட்டும்."

அடுத்த வரிக்கு வந்தேன். "யாரது?"

டீச்சர் வாயத் தொறந்தாங்க. காத்துத்தான் வந்துச்சு. இன்னொரு தடவ. அதுவும் காத்துத்தான். துரைசாமி மேல ஃபேனப் பார்த்தாரு. இந்த ஒரு தடவ சட்டம் வேணாம், எழுதிக் காட்டுங்க டீச்சர்னு சொல்ல என் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. சொல்லியிருந்தா அவங்க என்னைய மன்னிச்சிருக்கவே மாட்டாங்க. சுடுதண்ணி ஒரு வாய் குடிச்சாங்க. கண்ண மூடுனாங்க. "நான்தான்"னு ஒரு குரல் வந்துச்சு. பழைய குரல் இல்ல. கனமா, கொஞ்சம் கரகரன்னு, ஆனா தெளிவா. "நான்தான். வர்றதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு."

மிரட்டலும் இல்ல, செந்தமிழும் இல்ல, பாட்டும் இல்ல. ரெண்டு வருசமாத் தயார் பண்ணுனது எல்லாம் எங்க போச்சோ! நான் புஸ்தகத்தக் கவுத்து வச்சுட்டு அழுதேன், வெக்கமே படல. மாதாவே, முருகா, அந்தோணியாரே, யாரு மனு எடுத்தீங்களோ, எல்லாருக்கும் கோடி நன்றி. மாரிமுத்து அண்ணன் துண்டால மூஞ்சியத் தொடச்சாரு. துரைசாமி மட்டும், முடி மொளைக்கிற மண்டையத் தடவிக்கிட்டே எந்திரிச்சு, மேசையில ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனாரு. "வாய் விட்டுச் சொல்லிட்டாங்க. செல்லுமுங்க!"

மறுநாள் காலையில நான் பல்லு வெளக்கி முடிக்கிறதுக்குள்ள, "அக்கா, மூணாம் பாகம் எப்ப வருமுங்க?"ன்னு ஒட்டன்சத்திரத்துல இருந்து போன் வந்துருச்சு, அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நான் வையல.