துவைக்கக் கூடாததைத் துவைத்தார்கள்

நான் இலங்கை மலையகத்து வட்டகொடையில் ஆசிரியை. அந்தக் காலத்து விமானிகள் போட்ட, உள்ளே ரோமம் வைத்த செம்மறியாட்டுத் தோல் ஜாக்கெட்டுகள் என்றால் எனக்குப் பைத்தியம். தேடித் தேடி வாங்குவேன்; நம்ம ஊர்க் குளிருக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போவேன். "பிளேனை எங்க நிறுத்திட்டு வர்றீங்க டீச்சர்?" என்று ரயிலில் கிண்டல் செய்வார்கள். சிரித்துவிட்டுப் போவேன்.

போன மழைக்காலத்தில் இரண்டு ஜாக்கெட்டுகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஹட்டனில் ஒரு லாண்டரியில் கொடுத்து, "தண்ணியில போட்டுறாதீங்க" என்று இரண்டு முறை சொன்னேன். "எங்களுக்குத் தெரியாததா டீச்சர்?" என்றார் முதலாளி.

நான்கு நாள் கழித்துப் போனால், ஒன்றை மெஷினில் போட்டு, சூட்டில் காயவும் வைத்திருக்கிறார்கள்! தோல் அப்பளம் மாதிரி விறைத்து, கைகள் முழங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தன. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவரோ, "பழைய சாமான்தானே, புதுசா ஒன்னு வாங்கிப் போடுங்க" என்கிறார். இத்தனை வருஷம் தாங்கியதை நாலே நாளில் நாசமாக்கியவர் பேசும் பேச்சா இது?

அப்போது, அங்கே வேலை செய்யும் பெண் என் மற்ற ஜாக்கெட்டை மெஷினுக்குள் போடப் போவதைப் பார்த்தேன். "வைங்க கீழ!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடிப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது நானே பிரஷால் தட்டி, ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுகிறேன். "எங்களுக்குத் தெரியும்" என்பவரிடம், எப்படிச் செய்வீர்கள் என்று கேட்காமல் ஒரு கைக்குட்டைகூடக் கொடுப்பதில்லை.