மூன்றாம் மாடிக்கு ஏறாத தண்ணீர்

ஹட்டன் டவுனில் அந்த மூன்றாம் மாடி வீட்டைப் பிடித்துக் கொடுத்தது எங்கள் மகன். அவன் கட்டாரில் வேலை செய்கிறான். என் வீட்டுக்காரருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோன பிறகு, தேயிலைத் தோட்டத்தில் எங்களால் சமாளிக்க முடியவில்லை. அவசரமென்றால் அவரை மேட்டிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவரவே பெரும்பாடு. "டவுன்ல இருந்தா ஆஸ்பத்திரி கிட்டங்கம்மா" என்று மகன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். கீழே வீடு எதுவும் கிடைக்கவில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடம். நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போன என்னைத் திரும்பிப் பார்த்து, "இனிமே எறங்குற வேல இல்ல, டீச்சரம்மா" என்றார். வாய் கோணியிருந்ததால் அவர் சிரிக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவள். அதனால்தான் அந்த டீச்சரம்மா. அவர் கொழுந்து லொறி டிரைவர். வேலை முடிந்து வந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும், மலைத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்த் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார். தள்ளி நின்று நான்தான் நடுங்குவேன். குளிக்காமல் ஒரு நாளும் சாப்பிட்டவரல்ல.

புது வீட்டில் முதல் நாளே குளியலறைக் குழாயைத் திறந்தேன். நூல் மாதிரி ஒரு இழை வந்தது. ஷவரில் அதுவும் இல்லை. சொட்டு மட்டும் விழுந்தது. பிளம்பர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"டேங்க் ஒங்க தலைக்கு மேலயே இருக்குங்கம்மா. ஒசரம் பத்தல. கீழ போகப் போகத்தான் தண்ணிக்கு வேகம் வரும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கீழே பேக்கரி வைத்திருக்கும் சிங்களக் குடும்பத்தின் குழாயில் தண்ணீர் பாய்ந்து வரும். இரண்டாம் மாடியில் யாராவது குழாயைத் திறந்தால் எங்கள் இழையும் நின்றுவிடும். ஜன்னலுக்கு வெளியே நாள் கணக்கில் மழை பெய்யும். கூரைத் தகரம் அதிரும். உள்ளே நான் வாளியை வைத்துவிட்டு அது நிறையக் காத்திருப்பேன்.

மகனிடம் சொல்லி ஒரு சின்ன மோட்டார் போட்டோம். அன்றைக்கு ஷவரில் தண்ணீர் பூவாக விழுந்தது. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிப்போய்க் காட்டினேன். "இப்பத்தான்டி தண்ணி" என்று நல்ல கையை நீட்டினார். அந்த வாரமே சுவருக்குள் இருந்த பழைய குழாய் வெடித்து, இரண்டாம் மாடி வீட்டுக்குள் ஒழுகியது. அங்கே இருந்தது ஆட்டோ ஓட்டுகிற ஒருவரின் குடும்பம். பிள்ளைகளின் புத்தகமெல்லாம் நனைந்துவிட்டது. அவர்கள் சண்டைக்கு வரவில்லை. வீட்டுச் சொந்தக்காரர்தான் வந்து மோட்டாரைக் கழற்றச் சொன்னார். சுவரை உடைத்துக் குழாய் மாற்ற அவருக்கு விருப்பமில்லை.

அதற்குப் பிறகு பழையபடி துணியை நனைத்து உடம்பைத் துடைப்பதுதான். வாளியில் சேர்கிற தண்ணீர் சமையலுக்கும் அவர் துணிகளைத் துவைக்கவுமே சரியாகப் போனது. துடைக்கும்போது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "என் மேல நாத்தம் அடிக்குது. நீ சொல்ல மாட்டேங்கிற."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

"ஒரே ஒரு தடவ, தலையோட தண்ணி ஊத்திக்கணும். அவ்வளவுதான்."

இதைப் பேக்கரிக்கார அம்மாவிடம் நான் அழுதுகொண்டு சொன்னேன். பாண் வாங்கப் போன இடத்தில், ஆட்கள் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "அக்கா, கீழ கொண்டு வாங்க. இங்க தண்ணி நிறைய" என்றார். பிறகு உள்ளே திரும்பித் தன் புருஷனிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. பேக்கரிக்காரரும் ஆட்டோக்காரரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து அவரை நாற்காலியோடு இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும், "பாத்துங்க, பாத்துங்க" என்று அவரே வழி சொன்னார். லொறியைப் பின்னால் எடுப்பதுபோல, "ஒடிச்சுக்க... நேரா வா... போதும்" என்றார். தூக்குகிறவர்களுக்குச் சிரிப்பு வந்து நாற்காலி ஆடியது. எனக்கு உயிரே இல்லை.

பேக்கரிக்குப் பின்னால் சிமெந்து முற்றத்தில் நாற்காலியை வைத்தார்கள். பேக்கரிக்கார அம்மா பெரிய அண்டா நிறைய வெந்நீர் போட்டு வைத்திருந்தார். குழாயில் ஹோஸ் மாட்டி, தண்ணீரை விளாவி, நான் தலையில் ஊற்றினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டு, கொப்பளித்துத் துப்பினார். "இன்னும் ஊத்து" என்றார். ஆட்டோக்காரர் அவர் முதுகில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டார். அண்டா காலியாகிவிட்டது என்று சொன்னபோது, "பச்சத் தண்ணியே ஊத்துங்கப்பா, எனக்கென்ன" என்றார். ஊற்றினோம். பிறகு வெயிலில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, பணிஸும் பிளேன்டீயும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவு சாப்பிட்டு நான் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

"வார வாரம் எறக்கலாம் அண்ணே" என்றார் ஆட்டோக்காரர்.

அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரமும் மழை. குளிர் காற்றில் வேண்டாமென்று நானே தடுத்தேன். பிறகு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கொஞ்சம் தேறியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த சில நாளில், காலையில் நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனபோது, கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. உடம்பில் மட்டும் இன்னும் சூடு இருந்தது.

சொந்தக்காரர்கள் தலவாக்கலையிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். குளிப்பாட்டி எடுக்க வேண்டும். குழாயில் வழக்கமான இழைதான். என் கொழுந்தனார் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன வீடு இது?" என்று கோபப்பட்டார். கொஞ்ச நேரத்தில் படிக்கட்டில் சத்தம் கேட்டது. கீழிருந்து மேல்வரை ஆட்கள் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரர் அடியில் நின்று நிரப்பிக் கொடுத்தார். பேக்கரியில் வேலை செய்கிறவர்கள் மாவுக் கையோடு நின்றார்கள். இரண்டாம் மாடி வாசலில் ஆட்டோக்காரரின் மனைவி நின்று வாங்கி மேலே நீட்டினார். படியெல்லாம் தண்ணீர் சிந்தி ஓடியது.

முதல் வாளி உள்ளே வந்தபோது கையை விட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"கொஞ்சம் சுடுதண்ணி கலந்துக்கங்க" என்றேன்.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார். பிறகு கேத்தலை அடுப்பில் வைத்தார்.

மகன் மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தான். வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வாசலிலேயே நின்றான். திரும்பிப் போகும்போது, "வேற வீடு பாக்கிறேங்கம்மா, கீழ் வீடா" என்றான். வேண்டாம் என்றேன். இப்போதும் கேட்கிறான். நானும் அதையே சொல்கிறேன்.

குழாய் அப்படியேதான் இருக்கிறது. காலையில் வாளியை வைத்துவிட்டு விளக்கேற்றி, சோறு வடித்து வருவதற்குள் நிறைந்துவிடுகிறது. ஒரு வாளி சமையலுக்கு, ஒரு வாளி குளிக்க. துவைக்கவும் அதிகமில்லை. எப்போதாவது பேக்கரிக்கார அம்மா முற்றத்திலிருந்து அண்ணாந்து பார்த்துச் சத்தமாகக் கேட்பார்.

"அக்கா, தண்ணி வருதா?"

"வருது, வருது. எனக்குப் போதும்" என்பேன்.