நீ அனுப்பச் சொன்ன படங்கள்

அண்ணா, நீ அனுப்பச் சொன்ன படங்களை எல்லாம் அனுப்பினேன். பெருக்கமரம், கோட்டை, காற்றாலைகள். ஒவ்வொன்றும் உன் நம்பருக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் வாட்ஸப்பில் ஒரு சரிதான் விழுந்தது. இரண்டாவது சரி விழாது என்று எனக்குத் தெரியும். உன் போன் ஜெர்மனியில், ஹம் நகரில் எங்கள் வீட்டு அலுமாரியில், பொலிஸ் தந்த பிளாஸ்டிக் பைக்குள், உன் துவாயோடும் செருப்போடும் கிடந்தது. மன்னாரில் எங்கள் ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். என் பக்கத்தில் ஓட்டோவில் இருந்த அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அழகாக அடுக்கி எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மே மாதம், முதன்முதலாக நல்ல வெய்யில் எறித்த ஞாயிற்றுக்கிழமை. உன்னோடு லாகர் களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் பொடியன்களோடு நீ குளத்துக்குப் போனாய். முன்பு மணல் தோண்டிய பெரிய கிடங்கு அது, பிறகு தண்ணீர் நிறைந்து குளமானது. எல்லாரும் கரையில் இறைச்சி வாட்டிக்கொண்டு இருந்தார்களாம். ஒருவன் காலை வைத்துப் பார்த்துவிட்டு, "சரியான குளிர் மச்சான், இறங்காதை" என்று சொன்னானாம். நீ சிரித்தாயாம். "நான் கடலில பிறந்தவன்ரா. இது கிணத்துத் தண்ணி" என்றாயாம். கரையில் இருந்த மரத்தட்டில் ஏறித் தலைகீழாகப் பாய்ந்தாய். மேல் தண்ணீர் மட்டும்தான் சூடு. கீழே போனவுடனேயே நெஞ்சு நின்றிருக்கும் என்று டொக்டர் எனக்கு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். எனக்கு ஜெர்மன் விளங்காது என்று நினைத்தார் போல. எனக்கு முதல் தரமே விளங்கிவிட்டது.

அம்மா ஏற்கெனவே ஒருமுறை நெஞ்சு அடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவர். அதனால் ஊரில் இருந்து சின்னம்மாதான் எல்லாவற்றையும் முடிவெடுத்தார்.

"இப்ப சொல்லாதை பிள்ளை. போனில கேட்டா அவ அப்பிடியே விழுந்திடுவா. அங்கயே அடக்கம் பண்ணுங்கோ. பிறகு நீ வா. ஞாயிறு பூசை முடிய, ஃபாதரும் பக்கத்தில நிக்க, வாகனமும் வாசலில வச்சுக்கொண்டு நேரில சொல்லுவம்."

என் வீட்டுக்காரர் இவரும் அதுதான் சரி என்றார். உன்னை இங்கே தாட்டோம். உன் போன் உடைந்துவிட்டது, உனக்கு இரவு வேலை என்று அம்மாவுக்குச் சொன்னார்கள். ஊர் முழுக்க வாயைப் பொத்தியது.

நான் போய் இறங்கியபோது அம்மா உன்னைத் தேடவில்லை. அகதி என்று உனக்குத் தந்த நீலப் பாஸ்போர்ட்டில் எல்லா நாட்டுக்கும் போகலாம், எங்கள் நாட்டுக்கு மட்டும் ஏலாது என்பது அம்மாவுக்கு மனப்பாடம். ஆனால் கடைசியாக நீ போனில் கதைத்தது எல்லாம் அவர் வாயில் இருந்தது.

"தங்கச்சி வந்தா வீட்டுக்குள்ள இருந்து கருவாடு தின்ன விடாதேங்கோ எண்டவன். எல்லா இடமும் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொன்னவன். பதினொரு வருசமாச்சு, எனக்கு ஊர் மறந்துபோச்சம்மா எண்டு சொன்னான். ஓட்டோ பிடிக்கட்டே?"

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். சின்னம்மா சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு, "போ பிள்ளை. ஞாயிறு வரைக்கும் அவ விரும்பினபடி போ" என்றார். அன்று வெள்ளிக்கிழமை.

ஓட்டோக்கார அண்ணை உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். பிறகு அன்று முழுக்க அந்தக் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

பெருக்கமரத்துக்கு இப்போது சுற்றி வேலி அடைத்து, பலகையும் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் இரண்டு பேர் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் சின்னனில் பத்துப் பேர் கைகோத்தும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். அம்மா வேலிக்கு முன்னால் நின்று சேலையை இழுத்து விட்டார்.

"என்னை எடுக்காதை, மரத்தை எடு. சரி, நானும் கொஞ்சம் விழட்டும்."

ஓட்டோக்கார அண்ணை சும்மா இருக்க முடியாமல் வாயைத் திறந்தார். "மாமி, உங்கட மோன் இந்த மரத்தில தன்ர பேரை வெட்டிப்போட்டு, பிடிபட்ட உடன என்ர பேரைச் சொன்னவன். அடி வாங்கினது நான்."

"இப்ப வந்தாலும் உன்ர பேரைத்தான் சொல்லுவான்" என்று அம்மா சிரித்தார்.

அந்த மனுசன் போய் ஓட்டோவின் சில்லைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டார். சில்லுக்கு ஒன்றுமில்லை.

"அனுப்பிட்டியோ? விழுந்திட்டோ?"

"ஒரு சரி விழுந்திருக்கம்மா."

நீதானே அவருக்குப் படிப்பித்தாய். ஒரு சரி என்றால் இன்னும் வரவில்லை, இரண்டு சரி என்றால் வந்துவிட்டது, நீலமானால் பார்த்துவிட்டேன் என்று. "போன் திருத்தின உடன எல்லாம் ஒண்டாப் போய் விழும், என்ன?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

கோட்டையில் ஆடுகள்தான் நின்றன. வெக்கை முகத்தில் அடித்தது. அம்மாவுக்கு ஏற ஏலாது. நான் மட்டும் மேலே போய்க் கடலை எடுத்தேன். அண்ணா, உண்மையைச் சொல்கிறேன், எவ்வளவு வடிவு அந்த இடம். ஒரு பக்கம் பாலம், மறுபக்கம் கண்ணாடி போலத் தண்ணீர். நான் அந்தத் தண்ணீருக்கு முதுகைத் திருப்பினேன். குந்திவிட்டேன். ஒரு கழுதை வந்து என் பையை மணந்து பார்த்துவிட்டுப் போனது.

இறங்கி வர, கருவாடு விற்கும் அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "பிள்ளை, நாங்க கேள்விப்பட்ட உடன..." என்று தொடங்கிவிட்டார். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். நான் அவருடைய கையை நெரித்தேன். "...நீ வந்திட்டாய் எண்டு கேள்விப்பட்ட உடன பாக்க வர நினைச்சனாங்க" என்று முடித்தார். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் எல்லாரும் உன்னைக் கண்டு அழுகினம்? அப்பிடி மெலிஞ்சே போனாய்?"

தெற்குக் கரையில் காற்றாலைகள். நீ போன பிறகு வந்தவை. சோளகக் காற்று அடித்து மணல் கண்ணுக்குள் போனது. நாங்கள் கூழ் காய்ச்சிக் குடித்து, கால் நனைத்த கரை முழுக்க வெள்ளைத் தூண்கள் சுற்றிக்கொண்டு நின்றன. அம்மா என் போனை வாங்கி வாய்க்குக் கிட்ட வைத்து, காற்றுக்கு மேலாகக் கத்தினார். நான் குரல் பதியும் பட்டனை விரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பி, பாத்தியோ? உன்ர ஜேர்மனியைக் கொண்டுவந்து இஞ்ச நட்டிருக்கிறாங்க. மீனெல்லாம் விலகிப்போச்செண்டு சனம் பேசுது. நீ வேளைக்குச் சாப்பிடு. தங்கச்சி மெலிஞ்சுபோனாள், நீயும் அப்பிடியோ தெரியேல்ல."

அதுவும் போனது. ஒரு சரி.

கடைசியாகத் தலைமன்னார். பழைய கப்பல் பாலத்தின் கிட்டப் போகவில்லை. தள்ளிக் கரையிலேயே நின்றோம். துருப்பிடித்த இரும்புக் கால்கள் கடலுக்குள் நின்றன. பக்கத்தில் கட்டியிருந்த படகுகளில் ஏறிப் பொடியன்கள் குதித்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவன் உள்ளே போனவன் கொஞ்ச நேரம் வரவில்லை. என் வாயால் சத்தம் வந்துவிட்டது. பிறகு அவன் வேறு பக்கத்தால் எழும்பிச் சிரித்தான்.

"பயந்திட்டாள்" என்று அம்மா சிரித்தார். "உன்ர அண்ணன் அந்த இரும்புக் காலில ஏறித் தலைகீழாப் பாய்வான். அப்பா பூவரசங் கம்போட கரையில நிப்பார். இவன் வெளியில வரவே மாட்டான், தண்ணிக்குள்ளயே சுத்திக்கொண்டு நிப்பான். போனைத் தா, அவனுக்கு ஒண்டு சொல்லவேணும்."

நான் அமத்திப் பிடித்தேன்.

"தம்பி, அங்க குளம் கிளம் இருந்தா கிழமைக்கு ஒருக்காப் போய் நீந்து. நீந்தாட்டி உனக்கு உடம்பு பிடிச்சுக்கொள்ளும். சின்னனிலயே அப்பிடித்தான். சும்மா வேலை வேலை எண்டு கிடக்காதை. போய் நல்லாப் பாய்ஞ்சு..."

விரலை எடுத்தால் அது போய்விடும். எடுக்க முடியவில்லை. அம்மா கதைத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இன்னும் அமத்திக்கொண்டே நின்றேன். காற்றும் பொடியன்களின் சத்தமும் அதற்குள் போய்க்கொண்டிருந்தன.

"விடு பிள்ளை. போகட்டும்."

"அம்மா, அண்ணா இல்லையம்மா."

ஃபாதர் இல்லை, வாகனம் இல்லை, சின்னம்மாவும் இல்லை. மணலில் நின்று சொன்னேன். குளத்தில் குளிக்கப் போனான், குளிர் தண்ணீர், நெஞ்சு நின்றுவிட்டது, ஹம்மில் தாட்டுவிட்டோம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் திரும்பச் சொல்ல முடியாது என்று பயம். ஓட்டோக்கார அண்ணை ஓடிவந்து அம்மாவைப் பிடித்தார். அம்மா விழவில்லை. அவருடைய கையைத் தட்டிவிட்டார்.

"அவனுக்கு நீந்தத் தெரியும்" என்றார்.

"அம்மா..."

"அவனுக்கு நீந்தத் தெரியும் பிள்ளை. ஆரோ வேற பொடியனைப் பாத்திட்டுச் சொல்லுறாங்க. நீ முகத்தைப் பாத்தனியோ?"

"பாத்தனான்."

"வடிவாப் பாத்தனியோ? தண்ணியில கிடந்தா முகம் மாறும்."

"அண்ணாதான் அம்மா. நான்தான் சட்டை போட்டு விட்டனான்."

அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பொடியன்கள் குதிப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பிறகு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் என் காதுக்குள் நிற்கிறது.

"எல்லாருக்கும் தெரியுமோ? எனக்கு மட்டும் முகத்தைக் காட்டாமல் என்ர பிள்ளையைத் தாட்டுப்போட்டியளோ?"

ஓம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்கு வரவில்லை. ஃபாதர் வீட்டுக்கு வந்தார், அம்மா தேத்தண்ணி கொடுத்தார், கதைக்கவில்லை. மழை பெய்தாலும் காலையில் கோயிலுக்குப் போகிறவர், நான் அங்கே நின்ற நாட்கள் முழுக்க அந்தப் பக்கம் போகவில்லை. செபமாலையைக் கையில் எடுக்கவில்லை. உனக்கு முப்பத்தோராம் நாள் பூசை வைப்போம் என்று சின்னம்மா கேட்டதற்கு, "உயிரோட இருக்கிறவனுக்கு ஆரும் பூசை வைப்பினமோ?" என்றார். உன் கல்லறையின் படத்தைக் காட்டினேன். மரச்சிலுவையில் உன் பேரை வாசித்தேன். "பேர் ஆரும் எழுதலாம்" என்று சொல்லிவிட்டுப் போய் மீனைக் கழுவினார். நான் வெளிக்கிடும்போது என்னைக் கொஞ்சவில்லை, அண்ணா. வாசல் வரைக்கும் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இங்கே வந்த பிறகு, தமிழ்ப் பூசையில் உன் பேரைக் கொடுத்தேன். மழை. கொஞ்சச் சனம்தான். இவரும் உன்னோடு வேலை செய்த பொடியன்களும் பின் வாங்கில் இருந்தார்கள். "இறங்காதை" என்று சொன்னவன் முழங்காலில் நின்று எழும்பவே இல்லை. நான் செபிக்கத்தான் போனேன். வாய் வரவில்லை. அம்மா செபிக்காத பிள்ளைக்கு நான் எப்படிச் செபிப்பது என்று இருந்தது.

அம்மாவுக்குத் தினமும் போன் எடுக்கிறேன். சின்னம்மா எடுத்து, "இருக்கிறா, சாப்பிட்டவ" என்கிறார். அம்மா வாங்கவில்லை. கோவிக்கட்டும். அது அவருடைய நியாயம்.

இதை வாசிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. என் அண்ணாவுக்காக ஒருதரம் செபியுங்கள். அவனுக்கு அம்மா இன்னும் செபிக்கவில்லை, எனக்கும் முடியவில்லை. எங்களால் முடிகிற நாள் வரைக்கும் எங்களுக்குப் பதிலாக நீங்கள் அவனுக்காகக் கேளுங்கள். அவன் நல்லவன்.