ஸ்ரீவராகத்து மனோரஞ்சிதம்

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பூவை முகர்ந்து பார்ப்பதற்காகவே நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போய்வந்தேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கோ அது பிழைப்பு சம்பந்தப்பட்ட காரியம். வீட்டில் மசாலாப் பொடி அரைத்து விற்கிறேன். மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் என் மோப்பத்தை மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. மல்லி வறுபடுகிறதா கருகுகிறதா என்று கேட்க, அடுப்படியிலிருந்து கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. வாசனைப் பொருட்களைத் தினமும் முகர்ந்து வந்தால் மெல்லத் திரும்பலாம் என்றார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை, தைலம் எல்லாம் முகர்ந்தாயிற்று. சில நாள் ஏதோ வருவதுபோல இருக்கும். நிஜமா, நினைப்பா என்று தெரியாது.

அப்போதுதான் கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் என் தங்கை சுதா கூப்பிட்டாள். கூட வேலை செய்யும் பார்வதியின் வீட்டில் மனோரஞ்சிதம் பூத்திருக்கிறதாம். "அதைவிட வாசம் உள்ள பூ கிடையாதுக்கா. வந்து பாரேன்."

ரயிலில் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்து நடந்தே பழவங்காடி போய், கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சுதாவுக்காகப் பிச்சிப்பூக் கடை முன்னால் நின்றேன். கூடை நிறையப் பூ. மூக்குக்கு ஒன்றுமே எட்டவில்லை. அவள் வந்ததும் ஆட்டோ பிடித்தோம். பார்வதி வீடு இருக்கும் ஸ்ரீவராகத்துக்கு முப்பது ரூபாய்.

ஓட்டுநர் ஸ்டீபனுக்கு ஊர் பாறசாலைப் பக்கம். எதற்காகப் போகிறோம் என்று கேட்டவர் திரும்பிப் பார்த்தார்.

"மனோரஞ்சினியா? அதுக்க மூட்டுல, வேருகிட்ட, பாம்பு கிடக்கும் கேட்டோ. எங்க வீட்டுல கிட்ட அடுக்கவே விடமாட்டாவ."

"நீங்க பாத்திருக்கியளா?"

"பேடிச்சு யாரும் போனதில்ல. பின்ன எப்படி பாக்கது?"

பாம்புக் கதை எங்கள் ஊரிலும் உண்டு. மனோரஞ்சிதம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான ஏறுகொடி. சீத்தாப்பழத்தின் குடும்பம். காம்பு கொக்கிபோல வளைந்து பக்கத்துக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். வாசனைக்காகவே கடல் தாண்டிப் பல நாட்டுத் தோட்டங்களுக்குப் போன கொடி. இங்கே நந்தவனத்தில் வளர்த்தார்கள், புடவை மடிப்புக்குள் பூவை வைத்தார்கள். இன்னொரு கதைதான் எல்லோருக்கும் தெரிந்தது: எந்தப் பழத்தை நினைத்து முகர்கிறோமோ, அந்தப் பழத்தின் மணம் வருமாம். மனத்தை மகிழ்விப்பது என்றுதானே பெயருக்கே பொருள்.

பார்வதி வீட்டுக் கிணற்றடியில் மதில்மேல் புதராக ஏறியிருந்தது கொடி. சுதா அவசரமாக ஒரு பூவைப் பறித்து நீட்டினாள். முகர்ந்தேன். ஒன்றுமில்லை. இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று கண் கலங்கிவிட்டது.

பார்வதி அதை வாங்கி முகர்ந்தாள். "எனக்கும் ஒண்ணும் வரலையேக்கா. இது பச்சையான்னா இருக்கு. பச்சைப் பூ யாருக்கும் மணக்காது. மஞ்சளாகணும்." இலைகளை விலக்கித் தேடி, பழுத்த பூ ஒன்றை எடுத்துவந்தாள்.

"பலாப்பழம்லா," என்றாள் சுதா.

"எனக்கு எப்பவும் அன்னாசியாக்கும்," என்றாள் பார்வதி.

நான் முகர்ந்தபோது இனிப்பாக ஏதோ மூக்கில் பட்டது. சந்தோஷப்படப் பயமாக இருந்தது. நினைத்தது மணக்கும் பூ ஆயிற்றே. பலா என்று சொன்னதைக் கேட்டதால் வந்த நினைப்போ என்னவோ. அதைச் சொன்னேன்.

"அப்போ டெஸ்ட் பண்ணிடலாம்," என்றாள் பார்வதி. சுதாவின் துப்பட்டாவால் என் கண்ணைக் கட்டிவிட்டு, ஒவ்வொரு தடவையும் பச்சை ஒன்று, மஞ்சள் ஒன்று என இரண்டு பூவை வரிசை மாற்றி மாற்றி மூக்கருகே பிடித்தாள். எது மஞ்சள் என்று சொல்ல வேண்டும். முதலாவது, இரண்டாவது, முதலாவது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பிறகு ஒரு தடவை இரண்டிலும் ஒன்றும் வரவில்லை.

"ரெண்டுமே இல்லை," என்றேன் தயங்கி.

கட்டை அவிழ்த்தாள். அவள் கையில் இரண்டும் பச்சை. "ஒண்ணுகூடத் தப்பலைக்கா," என்றாள். சுதா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த மஞ்சள் பூவை வாங்கி, அவசரமில்லாமல் இன்னொரு தடவை முகர்ந்தேன். மட்டிப்பழம். கனிந்து தோலில் கறுப்பு விழுந்த, எங்கள் ஊர் மட்டி வாழைப்பழம். அங்கே யாரும் சொல்லாத பழம் அது. பிச்சியும் தேங்காயும் வழிநெடுகக் கிடந்தும் தெரியாமல் போன மூக்குக்கு இது தெரிந்ததே என்ற சந்தோஷத்தில், அன்று மதியச் சாப்பாட்டில் அவியலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அவியலின் வாசனை வரவில்லை. பரவாயில்லை, வரும்.

போக நினைப்பவர்களுக்கு: இந்தப் பூ கடையில் கிடைக்காது, வீட்டுத் தோட்டங்களில்தான். தெருவில் யார் வீட்டிலாவது கொடி தெரிந்தால் வாசலில் நின்று கேளுங்கள், பறித்துவிடாதீர்கள். பங்குனியிலிருந்து பூக்கிறது, மஞ்சளாகப் பார்த்து எடுத்து, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் அறையே மணக்கும். நாற்றுப்பண்ணையில் கன்று நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கினேன். பாம்பை நாங்கள் பார்க்கவில்லை. இருந்தாலும் புதருக்குள் கைவிடும்முன் ஒரு குச்சியால் தட்டிக்கொள்ளுங்கள். முதல் தடவை முகரும்போது எந்தப் பழத்தையும் நினைக்காதீர்கள். பூ என்ன சொல்கிறது என்று கேளுங்கள்.