இன்லேண்ட் கடிதத்தில் வந்த நோயாளிகள்

மருத்துவப் பதிவேட்டுப் படிப்பை முடித்துவிட்டு, எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நோயாளி வீடு திரும்பிய பிறகு அவருடைய கேஸ் ஷீட்டைப் படித்து, நோய்க்கு உரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடி எழுதவேண்டும். சான்றிதழ்த் தேர்வில் தேறினால்தான் வேலை நிரந்தரம். முதல் தடவை தோற்றுப்போனேன்.

அந்த வருஷம்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. மனைவிக்குப் பந்தல்குடி. சர்ச்சில் தாலி கட்டி இருபது நாள்கூட ஆகவில்லை, தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் டீச்சர் வேலைக்கு அவளுக்கு உத்தரவு வந்துவிட்டது. வழியனுப்பப் போனபோது பஸ் ஸ்டாண்டில் கேட்டாள்.

“எதுலங்க கோட்டை விட்டீக?”

“விபத்துக் கேஸுல. கை முறிஞ்சதுக்கு ஒரு எண்ணு போடணும். எப்படி முறிஞ்சுச்சுங்கிறதுக்கு இன்னொரு எண்ணு போடணும். ரெண்டாவதத்தான் மறந்துட்டேன்.”

“அத எப்படிங்க மறப்பீக? யாரா இருந்தாலும் முதல்ல அதத்தான கேப்பாக?”

பஸ் வந்துவிட்டது. பேச வேண்டியது எவ்வளவோ இருக்க, அதைப் பேசியே அனுப்பிவைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வந்தது. ஆசையாகப் பிரித்தால், உள்ளே பத்து நோயாளிகள். பருத்திக் காட்டில் பாம்பு கடித்த பெண். தூத்துக்குடி ரோட்டில் லாரியில் சைக்கிளை மோதியவர். பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தவர். அவள் மருத்துவம் படித்தவள் இல்லை. பந்தல்குடியில் கண்டதையும் கேட்டதையும் வரிசை எண் போட்டு எழுதியிருந்தாள். கடைசியில், ‘எண் போட்டு அனுப்புங்க. உடம்பைப் பார்த்துக்குங்க’ என்று மட்டும்.

சாப்பாட்டு நேரத்தில் பதிவேட்டு அறையிலேயே உட்கார்ந்து எண்களை எழுதி அனுப்பினேன். காரணத்தை விட்ட இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘எப்படி?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள். வாரம் தவறாமல் இப்படியே நடந்தது. தபால்காரர் வரும் நேரம் ஆனால் எனக்கு எந்தக் கேஸ் ஷீட்டும் ஓடாது. அவளுடைய சாய்ந்த கையெழுத்தைப் பார்த்தபிறகுதான் மூச்சு வரும்.

பத்துப் பதினோரு மாதம் கழித்து வந்த கடிதத்தில் பத்தாவது ஆளாக இப்படி இருந்தது: ‘வயது இருபத்தாறு. பெண். சோறு இறங்கவில்லை. தூக்கம் இல்லை. காய்ச்சல் இல்லை.’

சோறு இறங்காததற்குப் புத்தகத்தில் எண் இருந்தது. தூக்கத்துக்கும் இருந்தது. அவளுக்கும் வயது இருபத்தாறுதான். அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவே இல்லை. இரண்டு நாள் லீவு கேட்டுக்கொண்டு மதுரையிலும் சேலத்திலும் பஸ் மாறி, மறுநாள் மத்தியானம் அவள் பள்ளிக்கூட வாசலில் நின்றேன்.

சாக்பீஸ் கையோடு ஓடி வந்தாள். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று ஓர் அடி தள்ளியே நின்றாள்.

“ஏங்க, பரீச்சைக்கு இன்னும் ஒரு மாசந்தான இருக்கு? இப்ப எதுக்கு வந்தீக?” என்று திட்டினாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

“சாப்பிட்டியா?” என்றேன்.

அன்று இரண்டு பேரும் நிறையச் சாப்பிட்டோம்.

அந்தத் தடவை தேறிவிட்டேன். ஏணியிலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைக் கேள்வித்தாளில் பார்த்ததும், அவள் கேட்பாளே என்று இரண்டு எண்ணையும் எழுதினேன். பின்னாளில் இந்தப் படிப்பை முடித்தவர்கள், எப்படித் தேறினீர்கள் என்று கேட்டால், கேஸ் ஷீட்டில் இருப்பவரை ஆளாக நினைத்துப் படியுங்கள், வாரா வாரம் விடாமல் கேள்வி கேட்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். அந்த ஒருவரைப் பற்றிச் சொன்னதில்லை.

தேறிய செய்தியை எழுதினேன். ‘ரொம்ப சந்தோசம். இனி என்னத்த எழுத?’ என்று பதில் வந்தது. மீதி இன்லேண்ட் வெறுமையாக இருந்தது. கேள்வி கேட்டுப் பழகிய எங்களுக்கு வெறும் கடிதம் எழுத வரவில்லை. திருச்சுழிப் பக்கம் அவளுக்கு மாற்றல் கிடைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. பரீட்சைக்கு முந்தைய அந்த ஒரு வருஷம் போனதே தெரியவில்லை; இந்த இரண்டு வருஷம்தான் எனக்கு நீண்டுகொண்டே போனது.