கப்பல் மணி

தூத்துக்குடியில் நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போன வீடுகளில் அந்த அண்ணாச்சியின் முகம் மட்டும் மறக்கவில்லை. ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. வாயைத் திறக்குமுன் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

அன்று கூப்பிட்டது அவர் மனைவி. "போன தடவ பேட்டரி மாத்திட்டுப் போனிய. மறுபடியும் கம்ப்யூட்டர்ல மணி தப்பாக் காட்டுது தம்பி," என்றார். அண்ணாச்சி வெளியே போயிருந்தார். நேரத்தைச் சரிசெய்து, இனி இணையத்திலிருந்து தானாகவே எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன்.

கிளம்பும்போது அவர் வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று. அடுக்களையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முன்னால எத்தன மணி காட்டுச்சு?"

"தப்பாத்தான் காட்டுச்சு அண்ணாச்சி."

"அது நான் வச்சது தம்பி. மவன் கப்பல்ல இருக்கான். போற வழியில கப்பல் மணிய மாத்திக்கிட்டே போவாவ. அவன் சொல்லச் சொல்ல நானும் இதுல மாத்துவேன், கணக்கு வச்சுக்கிடல. இதப் பாத்தா அவன் தூங்குதானா சாப்பிடுதானான்னு தெரியும்."

"அவர்ட்டயே கேட்டு வச்சிரலாமே."

மறுபடியும் அடுக்களையைப் பார்த்தார்.

"அவன்ட்டருந்து பேச்சே இல்ல. கம்பெனிக்காரனும் போன எடுக்க மாட்டேங்கான். அவளுக்குத் தெரியாது."

உள்ளே காப்பி ஆற்றும் சத்தம் கேட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எவ்வளவு தப்பாக் காட்டுச்சுன்னாவது சொல்லுங்க தம்பி."

தப்பு என்று தெரிந்ததும் மாற்றிவிட்டேன். எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.